மூலை சேரும் இடம்: மரச் சித்திர விளிம்பும் கணினி வரைவும்

பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மரத்தாலான பட்டை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தட்டைப் பட்டை அல்ல. மேலே ஒரு வளைவு, நடுவே ஒரு பள்ளம், கீழே ஒரு சின்ன உருட்டு என்று முகம் வைத்த பட்டை. ஆசாரியின் மருமகன் மடிக்கணினியில் அறையை வரைந்து, பட்டையை நான்கு சுவரும் சுற்றி ஓடவிட்டுக் காட்டினான். திரையில் மூலைகள் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. மறுநாள் ரம்பத்தை 45 பாகையில் வைத்து அறுத்த மரம் சுவரில் ஏறியபோது மூலையில் விரல் நுழையும் இடைவெளி. “மாமா, கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்துச்சு” என்றான் பையன். “கம்ப்யூட்டர் செவுத்துல சரியாத்தான்டா இருக்கும். இது கொத்தனார் கட்டின செவுரு” என்றார் அவர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் மனத்தில் இருக்கும் கேள்வி இதுதான்: மரத்தில் முப்பரிமாணமாக எழும் அலங்கார விளிம்பைக் கணினியில் வரைவது இன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது, நின்ற இடத்திலிருந்து யார் எடுத்துப்போக வேண்டும்?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பட்டறையில் இதை ‘பீடிங்’ என்பார்கள், கொஞ்சம் பெரிதாக இருந்தால் ‘மோல்டிங்’. நிலைக்காலின் ஓரக் கோடுகள், கதவுச் சட்டத்தின் உள்விளிம்பு, பூசை மாடத்தின் நெற்றி, கட்டிலின் தலைப்பலகை, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் இதில் அடங்கும். எங்களுடையது எல்லை ஊர். தச்சர் என்றாலும் புரியும், வட்ரங்கி என்றாலும் புரியும். தமிழில் உளி, எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கம் போனால் தெலுங்கில் உலி. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியதற்கு முன்பும் பின்பும் இரண்டு மொழிச் சொல்லும் ஒரே பட்டறையில்தான் புழங்குகின்றன.

இந்த வேலையைக் கணினியில் பயில விரும்பும் பிள்ளைகளை நான் முதலில் அனுப்புவது கணினி மையத்துக்கு அல்ல, திருத்தணிக்கு. முருகன் மலையின் 365 படிகளை ஏறட்டும், நல்லது. ஆனால் பார்க்க வேண்டியது மலைக்குக் கீழே இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி அது. அதன் விமானத்தின் பின்புறம் யானை படுத்திருப்பது போல உருண்டிருக்கும். கஜபிருஷ்டம் என்று சிற்ப நூல்களும் தூங்கானை மாடம் என்று தமிழும் அழைக்கும் வடிவம். அடிப்பகுதியின் விளிம்புக் கோடுகள் பக்கச் சுவர்களில் நேராக ஓடி, பின்னால் வந்ததும் முறியாமல் வளைந்து, மறுபக்கம் மீண்டும் நேராகின்றன. ஒரு வெட்டுமுகம், அது நடந்து செல்லும் ஒரு பாதை. வரைவு மென்பொருள்கள் ‘ஸ்வீப்’ என்று சொல்வது இதைத்தான். ஸ்கெட்ச்அப்பில் ‘ஃபாலோ மீ’ என்ற கருவி செய்வதும் இதுவே.

கல்லை ஏன் மரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டுவருகிறேன் என்று கேட்கலாம். கல்லுக்கே மரம்தான் முன்னோடி. மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டில் பல்லவன் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்கியதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறான். அப்படியானால் அதற்கு முந்தைய கோயில்கள் எவற்றால் ஆனவை என்பது விளங்கிவிடுகிறது. கூரை விளிம்பான கபோதத்தின் வளைவும் உத்தரத்தின் முனையும் தச்சன் கையிலிருந்து சிற்பியின் கைக்குப் போனவை.

கோயிலின் அடிப்பகுதியான அதிட்டானத்தின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. குமுதம் முப்பட்டையாக இருந்தால் பெரும்பாலும் பாதபந்தம், உருண்டையாக இருந்தால் பிரதிபந்தம். மயமதம் போன்ற நூல்கள் இவற்றுக்கு நேரடி அளவு கொடுப்பதில்லை. மொத்த உயரத்தை இத்தனை பங்காக்கு, ஜகதிக்கு இத்தனை பங்கு, குமுதத்துக்கு இத்தனை என்றுதான் சொல்கின்றன. உயரம் மாறினால் எல்லாம் தானாக மாறும். 1980களின் இறுதியில் பொறியியல் மென்பொருள்கள் ‘பாராமெட்ரிக்’ என்று பெயர் சூட்டிக் கொண்டுவந்ததும், இன்று இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் ஒரு மாணவன் கட்டங்களில் எண்ணை மாற்றிச் செய்வதும் இந்தப் பங்குக் கணக்குதான். “எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது” என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. விளிம்பு வேலை எந்த நாட்டிலும் விகிதத்தில் பிறக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன். இத்தாலியில் விக்னோலா 1562இல் தூண்களின் விளிம்புகளுக்கு எழுதிய நூலும் பங்குக் கணக்குத்தான்.

நம் விளிம்புகளை அச்சுக்காக முதலில் அளந்து வரைந்தவர்களில் தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ் முக்கியமானவர். இந்துக் கட்டடக்கலை பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1834இல் லண்டனில் வெளிவந்தது. அதன் படங்களில் அதிட்டானங்கள் வெட்டுமுகக் கோடுகளாகப் பங்கு எண்களோடு நிற்கின்றன. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ஜூவோ துப்ராய் 1914இல் இன்னொரு வழியைக் காட்டினார். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையின் வெட்டுமுகம் காலத்தோடு எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்தி, விளிம்பைக் கொண்டே கோயிலின் வயதைச் சொல்ல முடியும் என்று நிறுவினார். பல்லவர் பாணிகளில் கடைசியானதற்கு அவர் இட்ட பெயர், திருத்தணிக் கோயிலை எடுப்பித்த காலத்து அரசனான அபராசிதனுடைய பெயர். ஒரு விளிம்புக் கோடு இவ்வளவு பேசும். அதை ஏனோதானோ என்று வரைந்தால் அது உளறும்.

கணினியின் பக்கத்துக் கதையைச் சுருக்கிவிடலாம். 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் துளையிட்ட நாடா சொன்னபடி உலோகம் வெட்டும் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். ஜக்கார்டு அட்டை பார்த்த நெசவாளருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பொதட்டூர்ப்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ சொன்னால் தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போய்விடுவார்கள். 1963இல் அதே எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் திரையில் பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேடை உருவாக்கினார். பிரான்சில் ரெனோவில் பெசியேயும் சித்ரோவெனில் காஸ்டெல்ஜோவும் கார் உடலுக்காக வளைகோட்டுக் கணிதத்தைத் தந்தார்கள். 1982இல் ஆட்டோகேட் வந்தது. நம்மூர்க்காரர்கள் அதை நெடுங்காலம் தட்டைப் படத்துக்கே பயன்படுத்தினார்கள். வெட்டுமுகத்தைப் பாதையில் இழுக்கும் வசதி அதில் ஒழுங்காக வந்தது 2007 பதிப்பில்தான். 2000இல் வந்த ஸ்கெட்ச்அப் இந்த வேலையை ஒரு சொடுக்கில் செய்ய வைத்தது. தச்சுப் பட்டறைக்குள் முதலில் நுழைந்ததும் அதனால்தான்.

செய்முறைக்கு வருவோம். மென்பொருள் எதுவானாலும் அலங்கார விளிம்பு வரைவது நான்கைந்து வேலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் பழைய பெயர் இருக்கிறது. வெட்டுமுகத்தைப் பாதையில் இழுப்பது இழைப்பு: இழைப்புளி செய்வதும் இதையே. வெட்டுமுகத்தை அச்சில் சுழற்றுவது கடைசல்: கட்டில் கால், தொட்டில் கம்பு, படிக்கட்டுத் தூண். ஒரு தாமரை இதழை வரைந்து வட்டமாகவோ வரிசையாகவோ பெருக்குவது பத்ம வரி. இழுக்கும்போதே வெட்டுமுகத்தைத் திருகினால் முறுக்குக் கயிறு. கடைசியாக, தட்டையிலிருந்து எழும்பும் கொடிக்கருக்கு, மயில், கஜலட்சுமி போன்ற புடைப்பு வேலை. முதல் நான்கும் கணிதத்துக்குக் கட்டுப்பட்டவை. ஐந்தாவது அப்படிக் கட்டுப்படுவதில்லை.

இழைப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. வெட்டுமுகம் பாதைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் முழு விளிம்பும் நெளிந்துபோகும். அடுத்தது வளைவு. பட்டை 40 மி.மீ. அகலம், அது உட்புறமாகத் திரும்பும் வளைவின் ஆரம் 30 மி.மீ. என்றால் உள்கோடுகள் ஒன்றையொன்று தாண்டிச் சிக்கிக்கொள்ளும். மென்பொருள் ‘முடியாது’ என்று சொல்லும், அல்லது சொல்லாமல் ஒரு முடிச்சைப் போட்டுவைக்கும். பையன் மென்பொருளைத் திட்டுவான். அந்த வளைவில் அந்தப் பட்டையை ரூட்டரோ உளியோ வைத்தும் செய்ய முடியாது என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைக்கும். இந்த இடத்தில் கணினி நல்ல மேஸ்திரி.

இனி என் வீட்டு மூலை. சுவரையும் கூரையையும் தொட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கும் பட்டையை ரம்ப மேசையில் படுக்கவைத்து 45 பாகையில் அறுத்தால் சேராது. சாய்வு 45 பாகை, மூலை 90 பாகை என்றால், படுக்கவைத்த பட்டைக்கு ரம்பத்தைத் திருப்ப வேண்டிய அளவு 35.26 பாகை, கூடவே பிளேடைச் சாய்க்க வேண்டிய அளவு 30 பாகை. கடைகளில் வரும் சில பட்டைகள் 38 பாகைச் சாய்வு உள்ளவை; அவற்றுக்குத் திருப்பம் சுமார் 31.6, சாய்ப்பு 33.9. இந்த எண்களை மனக்கணக்கில் எடுக்க யாராலும் ஆகாது. கணினியில் வரைந்த விளிம்பின் வெட்டு முகத்தை எடுத்துப் படுக்கவைத்து அளந்தால் இரண்டு நொடியில் கிடைக்கும். பையன் படத்தை வரைந்தான், அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆசாரி என்ன செய்தார் தெரியுமா? பட்டையைச் சுவரில் எப்படி நிற்குமோ அப்படியே சாய்த்து, தலைகீழாக ரம்பப் பெட்டியில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் வெறும் 45 போதும். முக்கோணக் கணிதம் முழுவதையும் அந்த நிற்கும் கோணமே செய்துவிடுகிறது. என் வீட்டுச் சுவர் 90 பாகை இல்லை, கொஞ்சம் விரிந்திருந்தது. அதையும் சாய்மட்டம் வைத்து அளந்து பாதியாக்கிக்கொண்டார். திரையில் பாதை வரைவதற்கு முன் சுவரை அளந்திருந்தால் கணினியும் இதையே சொல்லியிருக்கும். ஆக, குறை மென்பொருளுடையது அல்ல. அளக்காமல் வரைந்ததுதான் குறை. இந்தத் துறையில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகை.

புடைப்பு வேலை வேறு உலகம். கோடுகளால் இதைக் கட்டுவது கடினம் என்பதால் உயரப்படம் என்ற உத்தி வந்தது: வெள்ளை என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம், நடுவே சாம்பல் படிகள். ஆர்ட்கேம் என்ற மென்பொருள் பல ஆண்டுகள் இதில் கோலோச்சியது. 2018இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இப்போது கார்வெகோ, வெக்ட்ரிக் ஆஸ்பயர் ஆகியவை அந்த இடத்தில் இருக்கின்றன. சாதாரணப் படத்தில் சாம்பலுக்கு 256 படிதான். 20 மி.மீ. ஆழமுள்ள சித்திரத்தில் ஒரு படி சுமார் 0.08 மி.மீ. ஆகிறது. கன்னத்தின் மென்மையான சரிவில் இந்தப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். 16 பிட் படத்தில் 65,536 படிகள், அதில் தொல்லை இல்லை. இதைவிடப் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. சாமி சிலையின் புகைப்படத்தை அப்படியே கொடுத்து ‘ரிலீஃப்’ ஆக்கச் சொல்கிறார்கள். புகைப்படத்தில் இருட்டு என்பது பள்ளம் அல்ல, நிழல். மூக்கின் நிழல் குழியாகி, நெற்றியின் பளபளப்பு கொம்பாகி வந்த ஒரு கஜலட்சுமியை நான் பார்த்திருக்கிறேன். யானைகள் இரண்டும் பரவாயில்லை, அம்மன்தான் பாவம்.

வரைந்ததைக் கணினி சொன்னபடி வெட்டும் சிஎன்சி ரூட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு, அதைத் தெரியாதவர் வரைவதும் வீண். 6 மி.மீ. உருண்டைமுனை பிட் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 0.6 மி.மீ. தள்ளி ஓடினால் நடுவே மிஞ்சும் வரப்பு 0.015 மி.மீ. உயரம். 600 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் உள்ள பலகைக்கு 500 ஓட்டம், மொத்தம் 300 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் 100 நிமிடம். தள்ளலைப் பாதியாக்கினால் வரப்பு கால் பங்காகும், நேரம் இரட்டிப்பாகும். தேக்கில் 0.015 மி.மீ. வரப்பு உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பிலேயே போய்விடும். இது புரியாமல் இரவெல்லாம் இயந்திரத்தை ஓடவிட்டு மின்கட்டணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இயந்திரத்தின் உண்மையான எல்லை வேறு. சாதாரண ரூட்டர் மூன்று அச்சில் ஓடும். பிட் மேலிருந்துதான் இறங்கும். இலைக்கு அடியில் உள்வாங்கிய குடைவு, யாளியின் வாய்க்குள் உருளும் குண்டு, கொடிக்குப் பின்னால் தெரியும் வெளி எதுவும் அதற்குக் கிடையாது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகையும் வேம்பும் கொண்டு ஒரே கட்டையில், ஒட்டுப்போடாமல் செதுக்கும் வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் கிடைத்தது. அந்த ஊர்களின் சிற்பங்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் வேலையே நடந்திருக்கும். ஐந்து அச்சு இயந்திரங்கள் இதில் கொஞ்சம் உள்ளே போகின்றன. ஆனால் பள்ளிப்பட்டில் கதவு செய்கிறவர் அதை வாங்கப்போவதில்லை.

திரைக்குத் தெரியாத இன்னொன்று மரம். கணினியில் எல்லாம் ஒரே திண்மம். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையங்களின் போக்கில் 5.8 விழுக்காடும், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. இரண்டும் சமமில்லை என்பதால்தான் பலகை கோணுகிறது. 300 மி.மீ. அகலப் பலகையில் ஈரம் 3 விழுக்காடு குறைந்தாலே ஒன்றரை மி.மீ.க்கு மேல் அகலம் போகும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அந்த 3 விழுக்காட்டைச் சுளுவாகக் கொண்டுவந்துவிடும். ஆகவே மூலையை எத்தனை தசமப் புள்ளிக்குச் சேர்த்தாலும், பட்டையின் நீளவாக்கில் ரேகை ஓடும்படி வரையாவிட்டால் அடுத்த கோடையில் வாய் பிளக்கும். இதனால் அலுத்துப்போய் எம்டிஎஃப் பலகைக்கு மாறுகிறார்கள். அது கோணாது, வெட்டும் மழமழப்பாக வரும். மழைத்தண்ணீர் பட்டால் அப்பளமாய் ஊதும், அவ்வளவுதான்.

இனி எனக்குக் கோபம் வரும் பகுதி. இன்று சித்திர விளிம்பு வரைகிறவர்கள் குறைவு. கோப்பு வாங்குகிறவர்களே அதிகம். நூற்றுக்கணக்கான வடிவங்கள் ஒரே பென்டிரைவில் கைமாறுகின்றன. அவற்றில் வரும் இலை பெரும்பாலும் கிரேக்கத்து அகாந்தஸ் இலை. காரைக்குடி வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளில் மேலைநாட்டுப் பாணியும் கொடிக்கருக்கும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கலந்தது ஒரு கை. எது எங்கே நிற்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இங்கே ஒரே இலை திருமண மண்டபத்தின் கதவிலும், பூசையறையிலும், செருப்பு அலமாரியிலும் அச்சுப்போல விழுகிறது. கோப்பும் பெரும்பாலும் எஸ்டிஎல். 1987இல் முப்பரிமாண அச்சுக்காக வந்த வடிவம் அது. வளைவை எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைத்துவிடும். வெட்டலாம், திருத்தி எழுத முடியாது. குமுதத்தைக் கொஞ்சம் பருக்க வை என்றால் முடியாது என்பார்கள்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும், கொடியின் வளைவைக் காக்காது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்துக்குப் பத்து ஆண்டும், கேட்டால் மேலும் ஐந்து ஆண்டும் காப்பு தரும். பாட்டன் காலத்து விளிம்பு புதியது ஆகாது. புதிதாக வரைந்தவர் பதிவுசெய்யாமல் 50 பிரதிக்கு மேல் இயந்திரத்தில் எடுத்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும். வரைகிறவர்கள் இதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பயிற்சியிலும் ஒரு பிளவு இருக்கிறது. ஐடிஐயில் வரைவாளர் ஒரு தொழிற்பிரிவு, தச்சு இன்னொன்று. வரைகிறவன் மரத்தைத் தொடுவதில்லை, தொடுகிறவனுக்குத் திரை கிடைப்பதில்லை. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் பங்குக் கணக்கும் உளியும் ஒரே இடத்தில் கற்பிக்கப்படுகின்றன; அங்கே படித்து வருகிறவர்கள் சிலரே. என் தீர்ப்பு இதுதான்: வரைவாளனுக்கு உளி பழக்குவதைவிட, ஆசாரிக்கு ஸ்வீப் பழக்குவது சுலபம். வெட்டுமுகம், பாதை என்ற இரண்டும் அவர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. சுட்டியைப் பிடிக்க ஒரு வாரம் போதும்.

அப்படிப் பழகியவர் எதை வரைய வேண்டும் என்பதற்கும் பதில் வெகுதூரத்தில் இல்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, திருத்தணிப் பக்கத்துத் தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் இடிபடும்போதெல்லாம் நிலையும் கதவும் பழைய மரக்கடைக்குப் போகின்றன. பாலிஷ் போட்ட கதவாக அது எங்கோ ஓர் உணவகத்தில் நிற்கலாம். அந்த விளிம்பு யார் வரைந்தது, எந்தப் பங்கில் வரைந்தது என்பது அத்தோடு போயிற்று.

ஆகவே வீடு இடிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலையை விற்பதற்கு முன் அறுபட்ட முனை ஏதாவது இருந்தால் அதை வெள்ளை அட்டையில் நிறுத்தி, கூர்ப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். முனை இல்லாவிட்டால் கம்பிச் சீப்புபோல் கடையில் கிடைக்கும் விளிம்பு மானியை அழுத்தி எடுங்கள். புடைப்புச் சித்திரத்தைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, பத்தடி தள்ளி நேர் எதிரே நின்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். அட்டையின் பின்புறம் ஊர், தெரு, மரம், தெரிந்தால் ஆண்டு எழுதுங்கள். கணினியில் ஏற்ற ஆள் பிறகு கிடைப்பார். எங்கள் ஆசாரியின் மருமகன் இப்போது அப்படி 11 அட்டைகள் வைத்திருக்கிறான்.